சனிக்கிழமை ராத்திரி எங்கே?

கொலரன் பெரியவரைக் கூடத்தில் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. அயர்லாந்தில், கால்வே பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் வரலாம், கை குலுக்கலாம், தேநீரும் சாண்ட்விச்சும் சாப்பிடலாம். ‘நீங்க யாரு?’ என்று மட்டும் யாரையும் கேட்கக் கூடாது. அது இறந்தவருக்கு அவமரியாதை.

அன்று எல்லோருக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது அதைத்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளைஞனை ஒருவருக்கும் தெரியவில்லை. கறுப்பு மழைக்கோட்டு, ஒட்ட வெட்டிய தலை, மடியில் கோத்த கைகள். ஜன்னலுக்கு வெளியே காலி லாயம்.

லாயத்திலிருந்த நோரின் போன சனிக்கிழமை ராத்திரி களவு போயிருந்தது. நோரின் ஒரு வீட்டின் விலைக்குப் போகக்கூடிய பெண்குதிரை. மகள் உனாவுக்குத்தான் அது என்று பெரியவர் ஊரறியச் சொல்லியிருந்தார். குட்டியாக இருந்தபோது புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். வீடும் நிலமும் மகன் ஃபின்டனுக்கு. ஆக, உனாவுக்கு அப்பாவும் போய், குதிரையும் போய், நாளை அடக்கம் முடிந்தால் பிழைப்புக்கும் வழியில்லை.

ஃபின்டன் வக்கீல். அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டும் வாதாடுபவர்.

“என் தங்கச்சி குதிரைல கை வச்சவனைக் கம்பி எண்ண வைக்காம ஓய மாட்டேன்” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சார்ஜென்ட் டூலி பலமாகத் தலையாட்டினார். குதிரையைத் தேடிக் களைத்துப்போன மனுஷர், இப்போது சாண்ட்விச்சில் ஆறுதல் தேடிக்கொண்டிருந்தார்.

இளைஞன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பினான்.

“போன சனிக்கிழமை ராத்திரி எங்க இருந்தீங்க?”

கூடத்தில் எல்லோர் தலையும் திரும்பியது.

“நானா? சர்ச்சுக்கு எதிர்ல இருக்கிற பப்ல. சாத்துற வரைக்கும் அங்கதான். வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க. வீட்டுக் கதவைத் திறக்கவே மாட்டேன்னுட்டா!”

“வேற யாரெல்லாம் வந்திருந்தாங்க?”

அவர் வேர்த்துக்கொண்டே வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். இளைஞன் ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்கிறவன் போலக் கேட்டுக்கொண்டான். அடுத்து தபால்காரரிடம் அதே கேள்வி. அதற்கடுத்து பாதிரியாரிடம்.

சார்ஜென்ட் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

“டப்ளின் போலீஸ்லேர்ந்து துப்பு துலக்க வந்திருக்கான்மா” என்று உனாவின் காதில் கிசுகிசுத்தார். “எனக்கு ஒரு வார்த்தை சொன்னாங்களா பாரு!”

“உள்ள வாங்க, ஆப்பிள் கேக் இருக்கு. அங்க நின்னு நிம்மதியாச் சாப்பிடுங்க” என்று உனா அவரை அழைத்துப் போனாள்.

கேள்வி சுற்றி வந்து ஃபின்டன் முன்னால் நின்றது.

“நீங்க சார்?”

“வீட்டுல. தூங்கிட்டேன்.”

“சனிக்கிழமை ராத்திரியா?” இளைஞனின் புருவம் ஏறியது. “தனியாவா?”

குரலில் அதட்டல் இல்லை. ஏதோ வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தத்தைக் கேட்டதும் ஃபின்டன் அவன் முழங்கையைப் பிடித்தார்.

இளைஞனைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்தி, விஸ்கி ஊற்றினார். அவன் கோப்பையைப் பார்த்தான். ஃபின்டனைப் பார்த்தான். காத்திருந்தான். கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளை ஃபின்டனே இப்படிப் பார்த்து உளற வைத்திருக்கிறார்.

“அப்படிப் பார்க்காதீங்க” என்றார்.

பார்த்தான்.

“பேச்சைக் கேட்டப்பவே வெளிநாட்டுப் போலீஸ்னு தெரிஞ்சுபோச்சு. பிரான்ஸ்ல குதிரையை வாங்க இருந்தவன் உங்ககிட்ட எல்லாத்தையும் கக்கிட்டானா?”

இளைஞன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “நீங்க சொல்லுங்க சார். நான் கேக்குறேன்.”

சொன்னார். சனிக்கிழமை இருட்டியதும் லாயத்தைத் திறந்தது, சர்க்கரைக் கட்டியைக் காட்டி வண்டியில் ஏற்றியது, ராஸ்லேர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதனின் பண்ணையில் கட்டியது, நாளை ஊரே இடுகாட்டில் இருக்கும்போது கப்பலேற்ற இருந்தது என்று ஒன்று விடாமல், மனு வாசிப்பது போல, உட்பிரிவுகளோடு சொன்னார். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“குதிரையோட மதிப்பு அவளுக்கு என்ன சார் தெரியும்? புட்டிப்பால் குடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.”

சமையலறையை ஒட்டியிருந்த சரக்கறையின் கதவு திறந்தது. கன்னம் நிறையக் கேக்கோடு சார்ஜென்ட் டூலி. அவருக்குப் பின்னால் கேக் வெட்டும் கத்தியோடு உனா.

“எந்தப் பண்ணை, ஃபின்டன்?” என்றாள் உனா, மெதுவாக.

வக்கீல் கத்தியைப் பார்த்தார். பண்ணையின் பெயர், வழி, லாயத்துச் சாவி இருக்கும் இடம் எல்லாம் உடனே வந்தன.

சார்ஜென்ட் கேக்கை விழுங்கிவிட்டு, ஃபின்டனின் தோளில் கை வைத்தார். “அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்புங்க வக்கீல் சார். வண்டி வாசல்லதான் நிக்குது.”

பிறகு இளைஞனுக்கு ஒரு சல்யூட் வைத்தார். “நான் ஊரெல்லாம் அலைஞ்சு முடியாததை நீங்க உட்கார்ந்த இடத்துலயே முடிச்சிட்டீங்க. எந்த ஸ்டேஷன் சார் நீங்க?”

“ஸ்டேஷனா? எஸ்டோனியாலேர்ந்து இங்க காலேஜுல படிக்க வந்திருக்கேன் சார், சாவு வீட்டுக்கு யாரு வேணா போகலாம், சனிக்கிழமை ராத்திரி எங்க போனீங்கன்னு பேச்சுக் குடுத்தா யாரும் சிநேகிதமாயிடுவாங்கன்னு ஹாஸ்டல்ல சொன்னாங்க, வந்ததுலேர்ந்து என்கிட்ட மனசு விட்டுப் பேசின ஒரே மனுஷன் இவருதான், இவரையும் கூட்டிட்டுப் போறீங்களே!” என்றான் அவன், அழாத குறையாக.