ஒரு பொட்டு நிறம்

"இந்த ரூம்ல ஒரு பொட்டு நெறம்கூட இருக்கக் கூடாது, டீச்சர். சுவரு, திரை, மெத்தை விரிப்பு எல்லாமே வெள்ளை. அந்தக் கண்ணாடியையும் தூக்கிருங்க."

வாசலில் நின்றபடியே சொன்னார் தண்டாயுதபாணி. பழனியில் கடைகள், தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து போன வருடம் இந்தக் கொடைக்கானல் பங்களாவையும் வாங்கியிருந்தார்.

தரையெல்லாம் பூப்போட்ட சீட்டித் துணிகள். அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்த அவருடைய இளம் மனைவி சண்முகசுந்தரி, கையில் பிடித்திருந்த கிளிப்பச்சைத் துண்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அருள்மேரி முன்பு மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். இப்போது பங்களாக்களுக்குச் சுவர் நிறமும் திரையும் உறைகளும் பொருத்தம் பார்த்து அமைத்துக் கொடுக்கிறாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரியின் சேலைப் பெட்டியைத் திறக்கச் சொல்வாள். அவள் உடுத்துவதுதான் அறைக்கு நிறம். பொம்பளை உள்ளே வந்தால் அவள் சேலையோடு சுவர் சண்டை போடக் கூடாது என்பாள்.

சுந்தரியின் பெட்டியில் மாம்பழ மஞ்சளும் அரக்கும் கிளிப்பச்சையும் இருந்தன. நேற்றுப் பகல் முழுவதும் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். சுவருக்கு வெளிர் மஞ்சள் டிஸ்டெம்பர். சன்னலுக்குக் கொடியும் கிளியும் அச்சடித்த திரை. கட்டிலுக்கு அரக்குக் கரை வைத்த விரிப்பு.

"ஆயக்குடியில நாங்க எல்லாரும் ஒரே ரூம்லதான் உருண்டு கெடப்போம்க்கா," என்று சொல்லிச் சிரித்திருந்தாள் சுந்தரி. "எனக்குன்னு ஒரு சுவரு வரும்னு நெனைக்கவே இல்ல. கிளி நெறைய இருக்கட்டும். கண்ணு முழிச்சா அதுக மூஞ்சியிலதான் முழிக்கணும்."

"அப்ப ஐயா மூஞ்சி?"

"அது இருக்கவே இருக்கு."

சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மருந்து ஏதும் சாப்பிடுறியாம்மா?"

"மதுரையில ஒரு பெரிய டாக்டரைப் பாத்துட்டு இப்பத்தான்க்கா வந்தோம். என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு அவுககிட்ட மட்டும் பேசுனாரு. திரும்பி வாரப்ப காருல அவுக வாயே தொறக்கல. கேட்டா, ஒனக்கு ஒண்ணுமில்ல, பேசாம வான்னாக."

அது நேற்று. இன்றைக்கு வாசலில் நின்று அவர் வெள்ளை என்கிறார்.

"சுந்தரி, டீச்சருக்குக் காப்பி கொண்டா. வெரசா."

சுந்தரி எழுந்தாள். போகும்போது அருள்மேரியின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். 'நீங்களே கேட்டுப் பாருங்க' என்பது போல இருந்தது அது.

தண்டாயுதபாணி நாற்காலியில் உட்கார்ந்தார். விலை உயர்ந்த கம்பளிக் கோட்டு, தோளில் நிற்காமல் இரண்டு பக்கமும் சரிந்தது. தையற்காரன் அளவைக் கோட்டைவிட்டிருக்கிறான் என்று தொழில் பழக்கத்தில் நினைத்துக்கொண்டாள் அருள்மேரி.

"வெள்ளை எனக்கும் புடிச்ச நெறந்தாங்க," என்று ஆரம்பித்தாள். "எங்கள்ல கல்யாணப் பொண்ணுக்கே வெள்ளைதான். நானும் வெள்ளை கட்டித்தான் கோயிலுக்குள்ள போனேன்."

"உங்கள்ல அப்படி," என்றார் அவர்.

"ஆனா சுந்தரி சின்னப் புள்ளைங்க. ஆசை ஆசையா எடுத்து வச்சிருக்கு. வேணும்னா சுவரு மட்டும் வெள்ளையா இருக்கட்டும். திரையில அந்தக் கிளியை மட்டுமாவது விட்டுருவோம்."

"ஏன் டீச்சர், பூத்துணி சேந்துபோச்சா? எங்கிட்டத் தள்ளிவிடலாம்னு பாக்குறீங்களா?"

அருள்மேரிக்குச் சுருக்கென்றது. குனிந்து, தரையில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.

மடிக்க மடிக்க அவளுக்கு எல்லாம் விளங்கியது. டாக்டர் தனியாகப் பேசியது. அந்த இருமல். வெள்ளை என்பது ஆஸ்பத்திரி வெள்ளை. கண்ணாடியை எடுக்கச் சொன்னது, அந்தப் பெண் தான் கரைந்துபோவதைத் தானே பார்க்கக் கூடாது என்பதற்காக. முரட்டு மனிதர்தான், ஆனாலும் உள்ளே வேதனை இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவரைத் திட்டிய மனதை அவள் அடக்கிக்கொண்டாள்.

சமையற்கட்டில் தம்ளர் சத்தம் கேட்டது. கூடவே, சமையல்காரி முருகம்மாளிடம் சுந்தரி சொல்வதும் கேட்டது: "டீச்சரக்கா பேசிச் சரிக்கட்டிருவாக, பாரு."

அருள்மேரி குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் எத்தனை மாசம் சொன்னாரோ எனக்குத் தெரியாது. இருக்குற வரைக்கும் அந்தப் புள்ள ஆசைப்பட்டதைப் பாத்துக்கிட்டு இருக்கட்டுமே. கிளியையும் பூவையும் பாத்துக்கிட்டே கண்ணை மூடட்டும். அதுக்கப்புறம் நீங்க இந்த வீடு முச்சூடும் வெள்ளை அடிச்சுக்கங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

தண்டாயுதபாணி அவளை நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவருக்குப் புரியாதது போல இருந்தது. பிறகு புரிந்தது. வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். உதட்டோரம் சின்னதாகச் சிரிப்பு வந்தது.

"சாகப்போறது நான், டீச்சர். அவ இப்பமே பழகட்டும்."