கோபுரத்திலிருந்து தப்பிப்பது எப்படி?

"ஒர்த்தான்ஸ், கதவைத் திற. ஒரே ஒரு மணி நேரம். ஆத்துல மீனெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"அத்தியாயத்த முடிங்க. மீன் எங்கயும் போயிடாது."

மாடி எழுத்தறைக்கு வெளியே உட்கார்ந்து பேரிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்த ஒர்த்தான்ஸ், இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை வேண்டுமென்றே ஒருமுறை குலுக்கினாள். உள்ளே அவள் கணவர், நாவலாசிரியர் மர்வால், விட்ட பெருமூச்சு கதவைத் தாண்டிக் கேட்டது.

பக்கத்தில் நின்ற திபோ பத்தாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். பாரிஸில் வரும் ஒரு சிறுவர் பத்திரிகையின் உதவி ஆசிரியர் அவர். மர்வால் அதில் எழுதும் தொடர்கதையில் போன வாரம் தன் கதாநாயகன் மத்தூரினை, பாவம், பொடிப்பயல் மாலுமி, கடலோரக் கோபுரத்தில் அடைத்துவிட்டுத் 'தொடரும்' போட்டுவிட்டார். பயல் எப்படித் தப்பிப்பான் என்று ஊர்ப் பிள்ளைகள் சூப்பைக்கூட ஆறவிட்டுக் காத்திருந்தார்கள். மதியத்துக்குள் அத்தியாயம் அச்சுக்குப் போகவில்லை என்றால் திபோவின் வேலை காலி.

"மதாம், எழுதறாரா, தூங்கறாரா?"

"பேனா கீச்சு கீச்சுங்குதே, கேக்கலையா?"

கீச்சு நின்றது. "திபோ, துணி காயப்போடற கயிறு ஒண்ணு குடும்."

"எதுக்கு முசியே?"

"மத்தூரின் கயித்துல இறங்கப்போறான்யா. முடிச்சு எப்படி விழுதுன்னு பாக்காம எழுதினா, கடற்கரைப் பிள்ளைங்க என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடும்."

திபோ ஒர்த்தான்ஸைப் பார்த்தார். "குடுங்க," என்றாள். திபோ முக்காலியில் ஏறி, கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாகக் கயிற்றைத் தள்ளினார்.

கீச்சு கீச்சு. மறுபடி நிறுத்தம். "ஒரு சாசேஜ் வேணும்."

"சாசேஜா?"

"கோபுரத்துக் காவல் நாய்க்கு லஞ்சம்."

சாசேஜும் உள்ளே போனது. சற்று நேரத்தில் மெல்லும் சத்தம் கேட்டது.

"நாய் நல்லாத் திங்குது," என்றாள் ஒர்த்தான்ஸ்.

"திபோ, கடைசியா ஒண்ணு. அந்த மூலையில என் தூண்டில் இருக்கு பாரும். கோபுரத்து ஜன்னல் கம்பிக் கதவோட சாவி காவலாளி இடுப்புல இருக்கு. கொக்கி போட்டுத்தானே எடுக்கணும்?"

திபோ குரலைத் தாழ்த்தினார். "மதாம், எனக்கு ஏதோ சரியாப் படல."

"எனக்கு நல்லாத்தான் படுது. குடுங்க."

அதன்பிறகு பேனா தறிகெட்டு ஓடியது. திபோவுக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்து 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கீழேயிருந்து வாயிற்காவல்காரி கத்தினாள். "மதாம் மர்வால், உங்க வீட்டுக்காரர் சுவத்துல பல்லி மாதிரி இறங்கிப் போறாரு!"

திபோ மாடிப்படி ஜன்னலுக்கு ஓடினார். தெருமுனையில், தோளில் தூண்டிலும் காலில் வீட்டுச் செருப்புமாக, சீட்டியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார் பிரான்சின் பெருமைமிகு நாவலாசிரியர்.

"போச்சு, என் பொழப்பே போச்சு. மதாம், சாவியக் குடுங்க."

"பதறாதீங்க. மனுஷன் இறங்கிட்டார்னா எழுதி முடிச்சிட்டார்னு அர்த்தம். மை காயாம மேசை மேல இருக்கும், போய் எடுத்துக்குங்க."

திபோ கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, திரும்பவில்லை. மூன்றாவதைத் தேடும்போது கொத்தே நழுவிக் கீழே விழுந்தது.

ஒர்த்தான்ஸ் பேரிக்காய்த் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் ஜாம் அலமாரிச் சாவி, முசியே. சும்மாத் தள்ளுங்க, திறந்துக்கும். அந்தப் பூட்டு உடைஞ்சு வருஷமாச்சு. அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. அப்புறம் மத்தூரினும் வாசல் வழியாவே வெளிய வந்துடுவான்."