முத்துலிங்கத்துக்கு வெளிச்சம் இல்லை

முத்துலிங்கத்தின் படத்துக்குத் தெய்வ வெளிச்சம் போட முடியாது என்று ஸ்டூடியோக்காரி பவுலின், முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள்.

முத்துலிங்கத்தின் பெண்டாட்டி நாகலெட்சுமிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறவளுக்கு, இவள் புருஷன் என்றால் மட்டும் கை வராதாமா?

ஹட்டன் கடைத்தெருவில் பவுலினின் ஸ்டூடியோவைத் தெரியாத ஆள் கிடையாது. செத்துப்போனவர்களின் பழைய படம் இருந்தால் போதும். ஆளின் பிலிம், அதன்மேல் நல்லதண்ணி என்கிற மலையூரில் விடியற்காலம் பிடித்த மேகத்தின் பிலிம், அதற்கும் மேல் கறுப்பு மையால் கதிர் கீறிய கண்ணாடி. மூன்றையும் அடுக்கித் தாளில் பதித்தால், கறுப்புக் கீறலெல்லாம் வெள்ளை வெளிச்சமாக விழும். வானம் பிளந்து சாமியே ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

வாசல் கண்ணாடி அலமாரியில் நடுநாயகமாக இருந்தது தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கண்டாக்கையாவின் அப்பா படம். உயிரோடு இருந்த காலத்தில், லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனத்தை உதைத்தே பேர் வாங்கிய மனுஷன். அவர் தலைக்குமேல் அத்தனை வெளிச்சம்!

முத்துலிங்கம் என்ன செய்தான்? வேலை நின்ற ஒரு குடும்பத்தை லயத்தைவிட்டு விரட்ட, தோட்டத்துத் துரையின் ஆட்கள் கூரைத் தகரத்தைக் கழற்ற வந்தார்கள். உள்ளே பச்சைப்பிள்ளைக்காரி. இவன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். இழுத்தார்கள். விழுந்தவன் எழும்பவில்லை.

குடித்துவிட்டு விழுந்தான் என்று கண்டாக்கையா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். தோட்டம் அதையே திருப்பிச் சொன்னது. நாளைக்கு அவள் பெற்ற பிள்ளையும் அதைக் கேட்டுத்தானே வளரும்? அதற்காகத்தான் நாகலெட்சுமி வெளிச்சம் கேட்டாள். படத்தைப் பார்க்கிற நாலு பேராவது யோசிப்பார்கள்.

படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன், வெள்ளிக்கிழமை வா என்றதோடு பவுலின் நிறுத்திக்கொண்டாள். தோட்டத்துப் பட வேலையெல்லாம் அவளுக்குத்தானே வருகிறது, பயந்தாங்கொள்ளி என்று நாகலெட்சுமி வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது ஸ்டூடியோ உள்ளே கண்டாக்கையா உட்கார்ந்திருந்தார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது.

"நல்ல காரியம் செஞ்சேம்மா பவுலின். குடிகாரப்பயலுக்கு என்னத்துக்குச் சாமி வெளிச்சம்?"

"எம் புருஷன் குடிகாரன் இல்லீங்க," என்றாள் நாகலெட்சுமி. அவர் எதிரில் அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். தலை குனியவில்லை.

பவுலின் பெரிய படத்தை எடுத்துவந்தாள். மேகமும் இல்லை, கதிரும் இல்லை. முத்துலிங்கத்தின் முகம் மட்டும், நேருக்கு நேராகப் பார்த்தபடி. கண்டாக்கையா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவுலின் அலமாரியைத் திறந்தாள். அவருடைய அப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் முத்துலிங்கத்தை வைத்தாள்.

கண்டாக்கையா துள்ளி எழுந்தார். இனித் தோட்டத்துப் படம் ஒன்றுகூட இந்தக் கடைக்கு வராது என்றார். வராட்டிப் போகட்டுங்க என்றாள் பவுலின். பிறகு நாகலெட்சுமியின் தோளில் கைவைத்து, அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மூஞ்சியில வெளிச்சம் இல்லாதவங்களுக்குத்தாம்மா நான் வானத்துலருந்து எடுத்துப் போடுறது. ஒம் புருஷனுக்கு அது என்னத்துக்கு?"