இடது பெருவிரல்

"ஓடைக்கரைத் துண்ட விக்கத்தானே மதினி? மூட்டுவலியோட ஏன் பத்திர ஆபீசுக்கு அலையணும்? எனக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்றான் கொழுந்தன் தவசி. பேச்சியம்மாள் ரேகை வைத்தாள்.

அதற்குப்பின் சில நாள் விழிக்கும்போதே அவள் இடது பெருவிரலில் தானாக மை படிந்திருந்தது. படிந்த அன்றெல்லாம் தோட்டத்தில் ஒரு பகுதி குறைந்தது. ஓடைக்கரை போயிற்று. அவள் விற்கச் சொல்லாத கிணற்றடியும் போயிற்று, பிறகு எலுமிச்சை மரங்கள். அங்கெல்லாம் வெள்ளையடித்த எல்லைக்கற்கள் காளான்போல ஈரமாக முளைத்து நின்றன. சீயக்காய் போட்டு மையைத் தேய்த்தபோது விரல் பளிங்காக வழுக்கியது. ரேகையைக் காணோம். சின்ன வயதில் அரிவாள் பட்ட பிறைத் தழும்பையும் காணோம்.

வீடு மட்டும் மிஞ்சியபோது பவரை ரத்து செய்யப் போனாள். பத்திர ஆபீஸ் எழுத்தர் கருவியில் அவள் விரலை நாலு தடவை அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணுமே விழலையேம்மா."

"நாந்தான்யா பேச்சியம்மா."

"இருக்கலாம். ஒங்க பவர் ஏஜெண்ட வரச்சொல்லுங்க. ஒங்களுக்காக அவர்தான் வைக்கணும்."

"இந்தா வந்துட்டேன் மதினி." பின்னாலிருந்து தவசி கையை நீட்டினான். அவன் இடது பெருவிரலில், பிறைபோல, அவளுடைய தழும்பு.