கொடி நட்ட கூரை

"ஊத்துங்கண்ணே!" லாரி கேபினுக்குள்ளிருந்து வீரையன் கத்தினான். மேலே நின்ற மெக்கானிக் துரைராசு குடத்தைச் சாய்த்தார். வீரையன் மூக்கிலேயே சொட்டியது.

"இங்கதாண்ணே!"

"கொடிக்கம்பம் நட்ட ஓட்டைடா. ஆட்சி மாறுனப்பல்லாம் ஒங்க பண்ணையாரு புதுசா ஒன்னு போட்டிருக்காரு."

"நல்லா அடைங்கண்ணே. நாளைக்கு அதிகாரி பாக்க வர்றாரு. ஒழுகுனா தகுதியில்லைன்னுடுவாரு."

துரைராசு நாலு ஓட்டையையும் தார் வைத்து அடைத்தார்.

மறுநாள் கொட்டுகிற மழையில் தாசில்தார் கேபினுக்குள் உட்கார்ந்தார். ஒரு சொட்டு விழவில்லை. வீரையன் மனைவி அம்சம் அங்கேயே டீ போட்டுக் கொடுத்தாள்.

"சார், இது என் நெலத்துல நிக்கிற லாரி. பண்ணையாளு வீட்டுல குடியிருந்தாத்தான சட்டப்படி அந்த எடம் அவனுக்கு? லாரியில குடியிருக்கிறவனுக்கு மனைப்பட்டாவா?" என்றார் பண்ணையார்.

"எஞ்சின், சக்கரமெல்லாம் எங்க?"

"எப்பவோ வித்துட்டேன்."

"அப்ப இது வீடுதான்." தாசில்தார் எழுதிக்கொண்டார்.

வீரையன் துரைராசுவைக் கும்பிட்டான். சக்கரத்தை விற்ற பண்ணையாரையும் மறக்காமல் கும்பிட்டான்.