முதல் சொட்டு

ஆவுடையப்பன் மிளகாய் மண்டி வைத்திருந்தவர். எந்தச் சரக்கையும் முதல் பேச்சிலேயே நல்லது என்று சொல்கிறவன் வியாபாரியே இல்லை என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே சட்டம்தான். சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் மனைவி செண்பகவல்லிக்குக் கிடையாது. குழம்பில் ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கச் சொல்வாள். அவர் நக்கிவிட்டு, ஈர மிளகாயைப் பார்த்தவர்போல உதட்டைப் பிதுக்கி, "குறையுது" என்பார். அவள் அடுப்படிக்குப் போய்வந்து இன்னொரு சொட்டு விடுவாள். "இப்பச் சரி" என்பார். காலமெல்லாம் இந்தப் பேரம் படிந்தது.

அவள் கண்மூடியபின் ஓட்டல் சாப்பாடு. இன்று மகள் பொன்மலர் வந்து, அம்மாவின் சட்டியில் அதே புளிக்குழம்பை வைத்து ஒரு சொட்டு விட்டாள். அச்சு அசல் செண்பகவல்லியின் கைப்பக்குவம். ஆனாலும் நாக்கு பழகிய பழக்கம், "குறையுது" என்றார். பொன்மலர் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். கரித்தது.

"உங்கம்மா போட்டா ஒருநாளும் கரிக்காதே."

"அம்மா எங்கப்பா போட்டாங்க? வெறும் கரண்டிய ஒரு சுத்து சுத்திட்டு அதையேதான் கொண்டாந்து விடுவாங்க. 'சொல்லிட்டுப் போறாரு மனுசன்'னு சிரிப்பாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டா உப்பு எறங்கிரும்பா."

அவர் கையைக் கழுவி வேட்டியில் துடைத்தார். உள்ளங்கையைக் குழித்து, அடுப்புப் பக்கம் நீட்டினார்.

"மொதச் சொட்டே சரியாத்தான் இருந்துச்சு, வல்லி."