உறைமேல் எழுதும் சொல்

"இதை நான் வாங்காட்டி, மேல என்னண்ணே எழுதுவீக?"

சேதுலட்சுமி இப்படிக் கேட்டதும், தபால்காரர் சோணைமுத்து பேனாவை நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். வந்திருப்பது கொழும்பிலிருந்து ஒரு பதிவுத் தபால். அனுப்பியவன் அவள் புருஷன் கூத்தையா. ஆறு வருஷமாக அவனிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை என்பதை, உச்சிப்புளிக்கு மாற்றலாகி வந்த இந்த மூன்று மாதத்தில் அவரும் கேள்விப்பட்டிருந்தார்.

"வாங்காம என்னடி செய்வ?" என்றாள் மாமியார் முருகம்மாள். "எம்புள்ள கூப்பிட்டுத்தான் எழுதியிருப்பான். கையெழுத்தப் போட்டுட்டுக் கப்பலுக்குக் கெளம்பு."

"உங்க பேருக்கு வந்தா நீங்க வாங்கிக்கங்க அத்தை. இது என் பேருக்கு வந்திருக்கு. நீங்க சொல்லுங்கண்ணே."

சோணைமுத்துவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால், தபால் இலாகா தமக்குக் கொடுத்த ஐந்தாறு இங்கிலீஷ் வினைச்சொற்களை அவர் ஒருநாளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதியதில்லை.

"ஆளு ஊர விட்டே போயிருந்தா 'லெஃப்ட்'. ஏழு நாள் அலைஞ்சும் சிக்கலேன்னா 'நாட் கிளெய்ம்டு'. செத்துப் போயிருந்தா அதுக்கு ஒண்ணு இருக்கு, அது இப்ப எதுக்கு. வேணாம்னு சொன்னா 'ரெஃப்யூஸ்டு'."

"கடைசியாச் சொன்னத எழுதிக் காட்டுங்க."

பழைய படிவம் ஒன்றின் முதுகில் எழுதிக் காட்டினார். இங்கிலீஷ் அறியாத சேதுலட்சுமி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆளு காய்ச்சல்ல கெடந்தா இத எழுதுவாகளா?"

"அதெப்படி? மறுநாள் போயிப் பாப்போம்."

"வெலாசம் தப்பா இருந்தா?"

"அதுக்கு வேற வார்த்தை. இங்கன பாரு தாயி. மண்டபம் கேம்ப்புல டாக்டரு நாக்க நீட்டச் சொல்லி, கண்ணப் பிதுக்கிப் பாத்து, 'நீ சிலோனுக்குப் போகக் கூடாது'ன்னு எழுதுறாருல்ல, அது ரெஃப்யூஸ். பொண்ணு பாக்க வந்தவன் பணியாரத்தையெல்லாம் தின்னுபுட்டு வேணாம்னா, அது ரெஃப்யூஸ். பாக்கவே வராதவன அப்படிச் சொல்ல முடியாது. ஆளு நேர்ல நிக்கணும். தபாலப் பாக்கணும். இன்னார் அனுப்பினதுன்னு தெரியணும். தெரிஞ்சே வேணாங்கணும். நாலுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் எழுத மாட்டேன்."

"எல்லா ஊர்லயும் இப்படித்தானா?"

"வெள்ளக்காரன் போட்ட சட்டம். ராமேஸ்வரத்துலயும் ஒண்ணுதான், ரங்கூன்லயும் ஒண்ணுதான்."

அவள் அந்தச் சொல்லை மறுபடி விரலால் தொட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அதையே எழுதுங்க."

"யோசிச்சுக்க தாயி. இது திரும்பிப் போனா மறுபடி எழுதுவாருன்னு என்ன நிச்சயம்? உள்ள விசா காயிதமே இருந்தாலும் இருக்கும். ஒன் வாழ்க்கை. வேணும்னா, இதுவரைக்கும் செய்யாததச் செஞ்சு 'நாட் கிளெய்ம்டு'ன்னு போடுறேன், வார்த்தை கொஞ்சம் மெதுவா இருக்கும்."

"நீங்க சொன்ன நாலும் இருக்கான்னு எண்ணிக்கங்க. நேர்ல நிக்கிறேன். பாத்துட்டேன். யாருன்னு தெரியும். வேணாம். மெதுவான வார்த்தை எனக்கு எதுக்கு?"

சட்டம் அவள் பக்கம் இருந்தது. சோணைமுத்து சிவப்பு மையில், எழுத்துக் குலையாமல் எழுதித் தேதியிட்டார்.

முருகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் எழுதலேன்னு ரோசப்படுறியே, ஆறு வருசத்துல நீயா அவனுக்கு ஒரு காயிதம் போட்டிருப்பியாடி?"

சேதுலட்சுமி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள், கையில் இருந்ததை மாமியாரிடம் அல்ல, சோணைமுத்துவிடம் கொடுத்தாள்.

"உங்களுக்கு முன்னால இருந்த தபால்காரர் எளகின மனசுக்காரரு. இதுங்க மேல எழுதியிருந்ததுக்கெல்லாம் 'ஆளு வீட்டுல இல்ல'ன்னு அர்த்தம் சொல்லிட்டுப் போயிட்டாரு."

கூத்தையாவின் கொழும்பு விலாசத்துக்கு அவள் அனுப்பி, திரும்பி வந்த ஐந்து பதிவுத் தபால்கள். ஐந்தும் பிரிக்கப்படவில்லை, ஐந்தின் மேலும் சோணைமுத்து இப்போது எழுதிய அதே சொல்.